பத்தாயிரம் குறைகிறது

1.

இந்தக் கதையை நான் எழுதலாமா என்று தெரியவில்லை. கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்ததே நான்தான். போன ஞாயிறு சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்ததும் என் சித்தப்பா மகள் ஸ்டெபி ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டி, “அக்கா, இது சரியான்னு பாருங்க” என்றாள். பார்த்தேன். சரி என்றேன். அவள் போன பிறகு, அந்த நோட்டுக்குள் ஒரு கதை இருப்பதாகப் பட்டது. எழுதுகிறவர்களுக்கு அடுத்த வீட்டுக் கவலைகூடக் கதையாகத்தான் படும், என்ன செய்ய.

(என் பெயர் சுஜிதா. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கதையில் எனக்கு இதற்கு மேல் வேலை இருக்காது என்றுதான் நினைத்தேன்.)

2.

முதல் தொடக்கம்: “அன்று கடல் அமைதியாக இருந்தது. ஸ்டெபியின் மனம்தான்…”

அடித்துவிட்டேன். எங்கள் தெருவில் யாரும் கடலைப் பார்த்து மனதைத் தெரிந்துகொள்வதில்லை. இன்றைக்குக் கடல்தொழிலுக்குப் போக மீன்துறையில் அனுமதி டோக்கன் கொடுப்பார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டாவது: “பப்ளிக் பாலிசி என்ற பட்டப்படிப்பு ஒரு மீனவக் குடும்பத்துக்கு எதற்கு?”

இது பட்டிமன்றத் தலைப்பு. இதுவும் வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்குத் தெருவில் பாதிப் பேருக்கு ஸ்டெபிதான் படிவம் நிரப்பினாள். ஒரு விதவையின் படிவத்தில் மட்டும் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவளுக்கே புரியவில்லை. மீன்துறை ஆபீஸ் கிளார்க்கிடம் கொண்டுபோய்க் கேட்டாள்.

“சார், இந்தப் ஃபாரத்தை யாரு தயார் பண்ணுதா?”

“மேல.”

“மேலன்னா யாரு சார்?”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஸ்டெபி வீட்டுக்கு வந்து செல்போனில் தேடி, அந்த ‘மேலே’ போய் உட்காருவதற்கென்றே பப்ளிக் பாலிசி என்று, அரசுத் திட்டங்களை வகுக்கிற ஒரு படிப்பு இருப்பதைக் கண்டுபிடித்தாள். வெளியூரில், தனியார் பல்கலைக்கழகத்தில், மூன்று வருடம். விடுதியும் சேர்த்து மொத்தம் பத்து லட்சத்து இருபதாயிரம்.

3.

அவள் அப்பா ஹென்றி, என் சித்தப்பா, ஒரு விசைப்படகில் பாதிப் பங்குக்காரர். அந்தப் படகின் எஞ்சின் இந்த வருடம் இரண்டு முறை கடலில் நின்றுபோய், வேறு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. புது எஞ்சினில் தன் பாதிக்கென்று அவர் மூன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறார். ஸ்டெபியின் முதல் வருடக் கட்டணமும் கிட்டத்தட்ட அதுதான். இருப்பது ஒரே பணம்.

(மகளைப் படிக்கவிடாத அப்பா என்று எழுதினால் கதை சுலபமாக ஓடும். இரண்டு பத்தி எழுதியும் பார்த்தேன். சித்தப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லை, அதனால் கிழித்தேன்.)

அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஏளா, எஞ்சின் வாங்குனா அஞ்சு வருசத்துல போட்ட காசு திரும்பணும். படிப்புக்கும் அதேதான். நீயே கணக்குப் போட்டுக் கொண்டா. திரும்புதுன்னா எஞ்சின் பொறுக்கட்டும்.”

“போன எஞ்சின் வாங்கும்போது இம்புட்டுக் கேள்வி கேட்டியளா?” என்றார் பிளாரன்ஸ் சித்தி, அடுப்படியிலிருந்து.



4.

ஸ்டெபியின் கணக்கு நேர்மையான கணக்கு. பல்கலைக்கழக விளம்பரத்தில் ஆரம்பச் சம்பளம் மாதம் ஐம்பதாயிரம் என்று போட்டிருந்தது. அவள் நம்பவில்லை. அங்கே படித்து முடித்த இரண்டு பேரைப் போனில் பிடித்துக் கேட்டு, முப்பத்தைந்தாயிரம் என்று எழுதினாள். எதிர்ப்பக்கத்தில் உள்ளூர்க் கல்லூரியில் பி.காம்: மூன்று வருடத்துக்கு அறுபதாயிரம். முடித்தால் எங்கள் ஆபீஸில் பதினாறாயிரம் கிடைக்கும். (இது நான் சொன்ன தொகை.)

படிப்புக்கு அதிகமாகப் போடுவது ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். சம்பளத்தில் அதிகமாக வருவது மாதம் பத்தொன்பதாயிரம். வருடத்துக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஐந்து வருடத்துக்கு ஒன்பது லட்சத்து ஐம்பதாயிரம்.

பத்தாயிரம் குறைகிறது.

“பத்தாயிரம்தானளா, விடு” என்றாராம் சித்தப்பா.

“இல்லப்பா. அஞ்சு வருசம்னு பேசியாச்சுல்லா. திரும்பல. நான் பி.காமே சேருதேன்” என்று நோட்டை மூடினாளாம். தான் போடாத ஒரு சட்டத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற பெண்ணுக்கு உண்மையில் அந்தப் படிப்புதான் பொருத்தம்.

5.

இன்று புதன்கிழமை. காற்று பலமாக இருப்பதால் படகுகளுக்கு டோக்கன் இல்லை. நான் ஆபீஸுக்கு லீவு போட்டு மேலே உள்ள பகுதியை எழுதினேன். எழுதியதும், வேலை புத்தி, தொகைகளைக் கால்குலேட்டரில் ஒருமுறை தட்டினேன்.

நீங்கள் அப்போதே பிடித்திருப்பீர்கள். நான் இப்போதுதான் பிடித்தேன். பத்தொன்பதாயிரத்தை அவள் பத்தால் பெருக்கியிருக்கிறாள்.

தடைக்காலம் இரண்டு மாதம். படகு வைத்திருக்கும் வீட்டில் வருமானத்துக்கு வருடம் என்றால் பத்து மாதம்தான். சீட்டு, வட்டி, திருவிழாச் செலவு எல்லாம் பத்தில்தான் போடுவோம். நானும் அப்படி ஒரு வீட்டில் பிறந்தவள். பத்தொன்பது வருடமாகப் பன்னிரண்டு சம்பளம் வாங்கிக்கொண்டே அந்தப் பத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறேன். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

போன் செய்தேன்.

“ஸ்டெபி, சம்பளம் பன்னெண்டு மாசமும் வரும்ளா.”



“தடைக்காலத்துலயும் குடுப்பாங்களாக்கா?”

சிரிக்கத்தான் வேண்டும். எனக்கு அழுகை வந்தது. பன்னிரண்டால் பெருக்கினால் ஐந்து வருடத்தில் போட்டது திரும்பி, மேலே ஒரு லட்சத்து எண்பதாயிரம் நிற்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து வரை கட்டணம் கட்டலாம் என்பதையும் நினைவுபடுத்தினேன்.

“அப்பாட்டச் சொல்லிராதீங்க” என்றாள். “சொன்னா எஞ்சினை விட்டுட்டு எனக்குக் கட்டிருவாங்க. அந்தப் படகுலதான தினமும் போறாங்க. போன மாசம் எஞ்சின் நின்னப்ப நானும் அம்மாவும் படகு அணையுற பாலத்துல காத்து நின்னோம்லா, அது எனக்குப் போதும்க்கா.”

6.

முடிவு (அ): சொல்லிவிடுகிறேன். சித்தப்பா அன்றே கட்டணம் கட்டுகிறார். ஸ்டெபி போகிறாள். பழைய எஞ்சினோடு படகும் போகிறது. ஆடி மாதத்தில் ஒரு நாள்

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

முடிவு (ஆ): சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து எனக்கு அடுத்த நாற்காலியில் ஸ்டெபி. அது ஒன்றும் மோசமான நாற்காலி இல்லை, ஃபேன் நேராக மேலே இருக்கிறது. படிவங்களை வழக்கம்போல வேறு யாரோ தயாரிப்பார்கள்.

முடிவு (இ): கல்விக்கடன். நீங்கள் வெகுநேரமாக இதைத்தான் சொல்லத் துடித்துக்கொண்டிருப்பீர்கள். வங்கியில் கேட்டாயிற்று. படகுக் கடனே தவணை தவறி நிற்கிறது, முடியாது என்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் நோட்டையே எடுத்தாள்.

7.

இந்தப் பகுதியை நான் இன்னும் தாளில் எழுதவில்லை. நடக்க நடக்க உங்களிடம் சொல்கிறேன்.

தெருவில் போன சித்தப்பா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “என்னளா எழுதுத?”

“கதை, சித்தப்பா.”

“யாரப் பத்தி?”

எனக்குப் பொய் சொல்ல வராது. “நம்ம ஸ்டெபியப் பத்தி.”

உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “வாசி, கேப்போம். தொழில் இல்ல, சும்மாதான இருக்கேன்.”

வாசிக்கத் தொடங்கினேன். டோக்கன் வரிக்குச் சிரித்தார். பிளாரன்ஸ் சித்தி கேட்ட கேள்வி வந்ததும், “ஆமா, கேட்டா” என்று தலையாட்டினார். நான்காம் பகுதியில், நோட்டை மூடினாள் என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ” என்றார். “மூணு நாளா சோறு எறங்கல எனக்கு.”

அடுத்த தாள் ஐந்தாம் பகுதி. அது என் கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆறாம் பகுதியை எடுத்தாலும் குட்டு உடைந்துவிடும். இத்தோடு கதை முடிந்தது என்று எழுந்துவிட்டால் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

“பிறவு?” என்கிறார்.

வாசிக்கவா, எழுந்துவிடவா? சீக்கிரம் சொல்லுங்கள், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.