பச்சை வண்டியின் சக்கரங்கள்

சக்கரம் உள்ளே போகவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் கூட்டு ரோட்டில், தலைகீழாக நிறுத்திவைத்திருந்த பச்சை ஃபிரேமுக்குள் சைக்கிள் கடை பூவராகன் மூன்றாவது தடவையாக அதைச் செருகிப் பார்த்தான். டயர் மேலே இடித்துக்கொண்டு நின்றது. சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"இது நம்மூரு வண்டி இல்ல டீச்சர். தூரம் தொலவு போறதுக்குன்னு வெள்ளக்காரன் செஞ்சது. நம்மது இருபத்தெட்டு இன்ச்சு, இதுக்கு இருபத்தாறு. அதுவும் பின்சக்கரத்து ஹப்புக்குள்ளயே கியர் கீற மாதிரி வேணும். தோ பாருங்க, கியர் ஒயரு போறதுக்குக் குட்டியா உருளை வச்சிக்கிறான்." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "இப்ப வர்ற லேடீஸ் வண்டி சக்கரம் ஒன்னு போட்டுத் தரட்டா? ஓட்டிகினு போலாம்" என்றான்.

சாமுண்டீஸ்வரி அந்த உருளையை விரலால் சுற்றிவிட்டாள். எண்ணெய் இல்லாமலே சுற்றியது. "வேணாம் பூவராகன். தேடிப் பாக்கறேன்" என்றாள்.

அது எண்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம். ஃபிரேம் அவளிடம் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மின்விசிறிகளுக்கும் தையல் மிஷின் கால்களுக்கும் நடுவே கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு இரும்பு வளையங்கள் வாங்கப் போனவள், வழியை மறிக்கிறதே என்று ஒரு கையால் தூக்கினாள். எதிர்பார்த்த கனத்தில் பாதிகூட இல்லை. இரண்டு மெல்லிய குழாய்கள் சாய்வாக இறங்கும் லேடீஸ் ஃபிரேம். துருவுக்கு அடியில் பாசிப் பச்சை. கையில் தூக்கியதைக் கீழே வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். வேறு காரணம் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். வயது நாற்பத்தொன்று. இருபத்து மூன்றில் கல்யாணமாகி எட்டு மாதத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று ஆரம்பத்தில் கேட்டவர்களும் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். தம்பி துளசிங்கம் அப்பாவின் நிலத்தை மனை போட்டு விற்று, மிச்சம் வைத்த ஒரு மனையில் மாடி வைத்து வீடு கட்டியபோது மேலே ஒரு அறையும் சின்ன சமையல் இடமும் அவளுக்கென்று விட்டான். அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீழே விருந்தாளிகள் வந்தால் அவளையும் கூப்பிடுவார்கள். அவள் இறங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஏறிவிடுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் கடைசி விசிலை ஊதினால், திங்கட்கிழமை காலை மறுபடி ஊதும் வரைக்கும் பேச வேண்டிய அவசியமே வராத வாரங்கள் உண்டு. திங்களன்று முதல் வார்த்தை தொண்டையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

இப்போது சனிக்கிழமைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. மின்சார ரயிலில் ஏறிப் புதுப்பேட்டை, பிராட்வே, கிண்டி என்று போனாள். துணிப்பையில் அளவு எடுத்த அட்டைத்துண்டு, ஒரு இஞ்ச் டேப். பழைய இரும்புக் கடைகளில் முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிறகு ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார்கள். ஹேண்டில்பார் ராயபுரத்தில் கிடைத்தது. தோல் சீட்டு ஒரு பாதிரியார் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. விளக்கெண்ணெய் தடவித் தடவி ஒரு மழைக்காலம் முழுக்க அதை இளக்கினாள். பெடல் அச்சு உட்காரும் கிண்ணம்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. எந்தக் கடைக் கிண்ணத்தைப் போட்டாலும் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். இந்த வண்டியின் மரை மற்ற வண்டிகளின் மரையைவிட நெருக்கம் என்று குரோம்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறைக்காரர் கண்டுபிடித்துப் புதிதாகவே கடைந்து கொடுத்தார். அது கடைசிவரை வழுக்கிக்கொண்டு உள்ளே ஏறிய அன்று, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கீழே இறங்கிப் போனாள். கூடத்தில் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். துளசிங்கத்தின் மனைவி கிளியம்மாள், "இன்னா அண்ணி, மோர் வேணுமா?" என்றாள். ஆமாம் என்று வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

சக்கரங்கள் மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் ஓடியது. சந்தையில் பழைய சாமான் விற்கும் கங்கையம்மாள்தான் ஒருநாள், "உன்ன மாரியே ஒத்தரு அலையறாரும்மா. நீ சக்கரத்தக் கேக்கற, அவரு ஃபிரேமக் கேக்கறாரு. கோவிலம்பாக்கத்துல வூடு. ரயில்வேல ஃபிட்டரு. பேரு ஏசுபாதம்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனாள். தெருக்கோடியில் ஓட்டு வீடு. ஐம்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். பழைய சைக்கிள் சாமான் விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு சக்கரங்களும் சுவரில் ஆணியில் தொங்கின. ரிம்மில் தூசு இல்லை. பின்சக்கரத்தின் நடுவே தடித்த ஹப்பு பளபளவென்று இருந்தது.

"உங்ககிட்ட என்ன இருக்கு டீச்சர்?"

"ஃபிரேம். லேடீஸ். பச்சை கலர்."

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு, "ஆறு ஒன்னு ரெண்டு எட்டு நாலு" என்றார்.

சீட்டுக்குக் கீழே அடித்திருக்கும் எண். துருவைத் தேய்த்து எடுத்தபோது அவள் விரலால் தடவிப் படித்த எண்.

வண்டி அவருடைய மனைவி சரளாவுடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். உடன் வேலை செய்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குப் போகும்போது அவளிடம் விட்டுப்போனது. ஒரு தடவை லீவு போட்டு இரண்டு பேரும் இரண்டு வண்டியில் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார்கள், ஆறு நாள். எண்பத்தைந்தில் மஞ்சள் காமாலையில் அவள் இறந்தாள். அடக்கம் முடிந்து அவர் இரண்டு மாதம் அக்கா வீட்டில் திண்டிவனத்தில் கிடந்தபோது, பழைய வாடகை வீட்டைக் காலி செய்துகொடுத்த உறவுக்காரர்கள் வேண்டாத இரும்பு என்று ஃபிரேமை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கம்பி மாற்றுவதற்காக அவர் ரயில்வே ஷெட்டுக்கு எடுத்துப் போயிருந்ததால் சக்கரங்கள் தப்பின. இவ்வளவையும் அவர் ரயில்வே ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி வரிசையாகச் சொன்னார்.

"அதை எனக்குக் குடுத்துடுங்க டீச்சர். என்ன கேட்டாலும் தரேன்."

கொடுத்துவிடுவதுதான் நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "ரெண்டு வருஷமா ஒன்னொன்னா சேத்திருக்கேன் சார். எல்லாம் இருக்கு. சக்கரம்தான் இல்ல."

அவள் வீடு எங்கே என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. செத்துப்போனவளின் பொருள் அது. ஆனாலும் அந்த வீட்டில், அந்த மாடியில், யாரும் கொடுக்காமல் யாரும் விட்டுவைக்காமல் அவளாகச் சம்பாதித்தது அது ஒன்றுதான். இரண்டு எண்ணமும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருந்தன. அந்த வாரம் அவள் ஃபிரேமைத் தொடவில்லை.

மூன்றாவது ஞாயிறு, ஏசுபாதமே வந்தார். அவருடைய கறுப்பு சைக்கிளின் கேரியரில் இரண்டு சக்கரங்களும் கட்டியிருந்தன. கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, வாங்குகிறேன் என்றும் சொல்லவில்லை. மாடி ஏறி வந்து, ஃபிரேமைப் பார்த்தார். கழுத்துப் பக்கம் ஒரு இடத்தில் கையை வைத்து எடுத்தார். பிறகு ஸ்பேனர் பையை அவிழ்த்தார்.

பின்சக்கரம் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. சக்கரம் கோணாமல் சுற்றும்படி பெண்டு எடுத்து, கியர் ஒயரை உருளை வழியாக இழுத்து, ஹப்பிலிருந்து வெளியே வரும் மெல்லிய சங்கிலியில் பொருத்தினார். சீட்டை ஒரு உயரத்தில் வைத்து முடுக்கிவிட்டு, "உக்காந்து பாருங்க" என்றார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கால் மார்புவரை வந்தது. அளவு பார்க்காமல் கைப்பழக்கத்தில் வைத்துவிட்டார் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அவ கொஞ்சம் குட்டை" என்றார். நட்டைத் தளர்த்தி, சீட்டை நாலு விரல் மேலே தூக்கினார்.

ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை அது. பிரேக் கட்டைகள், மட்கார்டு, டைனமோ விளக்கு என்று நாலு ஞாயிறு வந்தார். அதிகம் பேசமாட்டார். அவள் ஸ்பேனரை எடுத்துக்கொடுப்பாள்; எந்த அளவு என்று அவர் கேட்பதற்கு முன்பே சரியானதை நீட்டப் பழகிவிட்டாள். கிண்ணத்தின் மரையைக் கழற்றிப் பார்த்து, "யாரு கடைஞ்சது? அற்புதமா இருக்கு" என்றார். அன்றைக்கு அவளுக்கு நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கிளியம்மாள் படிக்கட்டில் நின்று, "யாரு அண்ணி அந்த ஆளு? தெருவுல கேக்கறாங்கோ" என்றாள். "மெக்கானிக்" என்றாள் சாமுண்டீஸ்வரி. சனிக்கிழமைகளில் இப்போது அவள் எங்கும் போவதில்லை. இன்னொரு டம்ளர் வாங்கி வைத்திருந்தாள்.

நாலாவது ஞாயிறு அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே செய்யறதுக்கு ஒன்னும் இல்ல டீச்சர்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ரயில்வே ஷெட்டுக்கு போன் போட்டுச் செய்தி சொல்லச் சொன்னாள்: கியர் விழமாட்டேன் என்கிறது.

ஞாயிறு வந்தார். குனிந்து பார்த்தார். சங்கிலியை ஒயரோடு சேர்க்கும் இடத்தில், பூட்டு நட்டு இரண்டு சுற்றுத் தளர்ந்திருந்தது. கட்டைவிரலால் அதைத் திருப்பித் திருப்பி, வெகுநேரம் குனிந்தே இருந்தார். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்த நட்டு தானா திரும்பாது டீச்சர்" என்றார் மெதுவாக.

அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது. அவர் நட்டை முடுக்கினார். டீயைக் குடித்தார், முழுக்கக் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவில்லை.

மூன்று வாரம் அவள் வண்டியைப் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் ஓட்டினாள். வண்டி அவ்வளவு இலகுவாகப் போயிற்று. நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பியபோது மேடவாக்கம் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவதாகத்தான் நினைத்தாள். ஆனால் கோவிலம்பாக்கத்துக்கே போனாள். ஓட்டிக் காட்டவேண்டும், அவ்வளவுதான், நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தெருமுனையில் திரும்பியபோதே அவர் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். பாதி ஷேவிங்கில், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு. அந்த ஹப்பு ஓடும்போது உள்ளே டிக் டிக் என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். அது அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் முகத்தை அவள் பார்த்தாள். ஒரு ஆண்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. அது அவளைக் கடந்து, அவளுக்குப் பின்னால் யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது. அப்புறம் அது அணைந்தது. அவள் பிரேக்கைப் பிடித்து இறங்கினாள்.

"நல்லா ஓடுது சார்" என்றாள்.

"கேட்டுச்சு."

கன்னத்து நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. வண்டிய நிறுத்தி வைக்காதீங்க, நல்லா ஓட்டுங்க. எங்க வேணாலும் போங்க." ஹேண்டில்பாரைத் தொடப் போன கை பாதியில் நின்றது. "இந்தத் தெரு வழியா மட்டும் வராதீங்க. சத்தம் கேட்டா நான் எழுந்து வந்துடறேன்."

"சரி சார்" என்றாள்.

வண்டியைத் திருப்பினாள். தள்ளிக்கொண்டு போனாலும் அந்தச் சத்தம் வரும். முதல் கியரில் மிதித்தால் மட்டும் வராது என்பதை மூன்று வாரம் ஓட்டியதில் கண்டிருந்தாள். ஏறி உட்கார்ந்து விசையை முதல் கியருக்குத் தள்ளினாள். நிற்காமல் மிதிக்க வேண்டும். காலை நிறுத்தினால் சத்தம் வந்துவிடும். மெதுவாக, நிற்காமல் மிதித்தாள். பின்னால் கதவு சாத்துகிற ஓசை கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே போனாள். கேட்கவில்லை.

தெரு முடிந்து பெரிய ரோடு வந்தது. இனிச் சத்தம் அவருக்குக் கேட்காது, கியரை மாற்றியிருக்கலாம். அவள் மாற்றவில்லை. தலையில் மீன் கூடையோடு வேக நடையில் வந்த ஒரு பெண்பிள்ளை அவளை எட்டிப் பிடித்துப் பக்கத்தில் நடந்தாள்.

"இன்னாம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க. நல்லா இருக்கு."

"பின்ன இன்னாத்துக்கு இவ்ளோ மெதுவா போறே?"

சாமுண்டீஸ்வரி திரும்பி அவளைப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை, காதோரம் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. பதிலுக்குக் காத்திருக்காமல் அந்தப் பெண் எதிர்வெயிலைப் பார்த்து நடந்தாள். அவள் கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் ரோட்டில் ஒரு கோடாக விழுந்துகொண்டே வந்தது. அதன் பக்கத்திலேயே, அதை மிதிக்காமல், மெல்லிய இரண்டு டயர்களும் சத்தமில்லாமல் உருண்டுகொண்டிருந்தன.