ஸ்பிரிங் கொட்டகைக்கு வந்த அனுமதி

மூடிக்கிடந்த ஸ்பிரிங் ஆலையின் கொட்டகையில் வாலிபால் பழகிய பெண்கள் குதித்தால் உடனே கீழே வருவதில்லை. சிலர் பால் பொங்குகிற நேரம் வரை மேலே நிற்பார்கள். பயிற்சியாளரின் அக்கா மகள், நெட்டச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், மேலேயே நின்று பின்னலை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டு ஆற அமர இறங்குவாள். முதல் வாரம் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். லாரிக்கு ஸ்பிரிங் பட்டை செய்து செய்து தரைக்கே அந்தக் குணம் வந்திருக்கும் என்றார் வெல்டிங்காரர். அதற்கு மேல் யாரும் மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை. அவரவருக்கு ஆயிரம் வேலை.

சிக்கல் அனுமதியில்தான் இருந்தது. அந்தத் தொழிற்பேட்டையில் பொருள் செய்யலாம், செய்த பொருளை அடுக்கி வைக்கலாம், விளையாடக் கூடாது. விளையாட வேண்டுமென்றால் நிலப் பயன்பாட்டை மாற்றித் தரும்படி நகரமைப்பு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பயிற்சியாளர் ஒன்றும் ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. பள்ளி மைதானத்தில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. பூங்காவில் பந்து ஒரு டாக்டரின் கார் கண்ணாடியை உடைத்தது, அன்றோடு அந்தக் கதவும் சாத்தியாயிற்று. நடுவில் தூண் இல்லாமல், பந்து முட்டாத உயரத்தில் கூரை வேண்டுமென்றால் ஆலைக் கொட்டகையை விட்டால் வேறு கதியில்லை. அவர் ஆடிய காலத்தில் அவருடைய குழுவும் இப்படித்தான் இடமில்லாமல் கலைந்தது. யாரும் தோற்கவில்லை, யாரும் சண்டை போடவில்லை, ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள், அவ்வளவுதான். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அனுமதி மறுக்கப்பட்டால் கொட்டகைக்கு சீல் வைப்பார்கள், இந்தப் பெண்களும் அப்படியே கலைந்துபோவார்கள்.

விசாரணைக்கு உட்கார்ந்த நகரமைப்பு அதிகாரி நல்ல மனிதர், மூட்டுவலிக்காரர். "இது உற்பத்தி மண்டலம்மா. நீங்க என்ன உற்பத்தி பண்றீங்க?" என்று பரிவாகத்தான் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலை சார். குதிக்கிறோம்."

பொய் சொல்ல வராதவருக்கு அலுவலகம்தான் எப்படி உதவும்? போதாததற்கு, பழைய டயருக்கு ரப்பர் ஏற்றும் எதிர்ப் பட்டறைக்காரர் ஆட்சேபணை சொல்ல வந்திருந்தார். "நாள் முழுக்க லாரி ரிவர்ஸ் எடுக்குற ரோடு அது! ஒரு பொண்ணு அடிபட்டா யாரு பதில் சொல்றது?" என்று மேசையைத் தட்டிக் கத்தினார். பயிற்சியாளர் அவரை ஏதோ ஜென்ம விரோதியைப் போல முறைத்தார். பாவம், அவருக்குத் தெரியாது. டயர்காரரின் தம்பி அதே சாலையில், ரிவர்ஸில் வந்த லாரிக்கு அடியில் சிக்கித்தான் செத்துப்போனான். அதைச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை, கத்த மட்டும் வந்தது. இடத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அதிகாரி ஒத்திவைத்தார்.

அவர் வந்த அன்று நல்ல வெயில். கழிப்பறை, வாசல், காற்றோட்டம் எல்லாம் பார்த்தார். சாலையின் அகலத்தை அளக்கும்போது முழங்கால் மக்கர் செய்ததால், டேப்பின் மறுமுனையை நெட்டச்சியிடம் கொடுத்து எதிர்ப்பக்கம் போகச் சொன்னார். அவள் நடுச்சாலையில் இருக்கும்போது டயர்காரரின் லாரி ரிவர்ஸில் வந்தது. ஓட்டுநர் பார்க்கவில்லை. கேட்டருகே நின்ற டயர்காரர் பார்த்தார். அன்றைக்கென்று பார்த்து அவருக்குக் கத்தவும் வரவில்லை. நெட்டச்சி குதித்தாள். அது கொட்டகைத் தரை இல்லை, சாதாரணத் தார்ச்சாலை. ஆனாலும் மேலே நின்றாள். டயர் அடுக்குகளோடு லாரி முழுவதும் அவள் காலுக்கடியில் கடந்து போனது.

"சார், டேப்பை விட்டுடட்டுமா?" என்று அவள் மேலிருந்து கேட்டாள்.

டயர்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஓடிவந்த பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பிக்கு இது தெரியாமப் போச்சேம்மா" என்றார். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

ஆட்சேபணை அன்றே வாபஸ் ஆனது. சட்டம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதிகாரி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு உத்தரவு எழுதினார். நிலப் பயன்பாட்டு விதி நிலத்துக்குத்தான் பொருந்தும். மேற்படி பெண்கள் விளையாடும்போது நிலத்தைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. ஆகவே மாற்றம் தேவையில்லை, பயிற்சி நடக்கலாம். சக அதிகாரிகள் சிரித்தார்கள், ஆனால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க ஒருவராலும் முடியவில்லை. நிபந்தனைகளும் இருந்தன. பெண்கள் வந்து போகும் நேரத்தில் லாரிகள் நிற்க வேண்டும், இதை டயர்காரர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். அப்புறம், நிலத்தைப் பதில் சொல்ல ஆளில்லாமல் விட முடியாது என்பதால், பயிற்சி நேரம் முழுவதும் பொறுப்பாளர் தரையில் நிற்க வேண்டும்.

பயிற்சியாளர் அதுவரை அந்தக் கொட்டகையில் ஒருமுறைகூடக் குதித்ததில்லை. அனுமதி வரட்டும், முதல் குதி என்னுடையது என்று பெண்களிடம் சொல்லி வைத்திருந்தார். உத்தரவை உரக்கப் படித்த நெட்டச்சி கடைசி நிபந்தனையில் நிறுத்திவிட்டாள்.

"சித்தி, ஒரே ஒரு தடவை. யாரு பாக்கப் போறா?"

"பொறுப்பாளர்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்டி. போ, போய் வலையைக் கட்டு."

அவருக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். சந்தோஷத்துக்கும் குறைவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்து மேலேயே நின்றார்கள். இனி அவர்களை யாரும் எழுப்பி அனுப்ப முடியாது. பந்து மட்டும் எல்லா ஊர்ப் பந்தையும் போல உடனுக்குடன் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, அவர்களுக்கு மேலே எறிந்துகொண்டே இருந்தார்.