அழித்த புள்ளி

ஸஹ்னாவின் முகத்தில் முழிக்க எனக்கு ஏழு வருடம் பிடித்தது. வெட்கங்கெட்டவள் நான்.

உக்குவளையில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறாள். "யா அல்லாஹ், டயனாவா! என்னடி திடீர்னு? உள்ள வா, பிளேன்டீ குடி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே ஆய்வில் இருந்தோம். நெடுந்தொலைவில் ஒரு விண்மீன் திரள். அதில் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறந்துகொண்டிருந்தன. இடையில் நின்ற பெரிய திரள்களின் ஈர்ப்பு அதன் ஒளியை வளைத்து, பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கி, ஒன்றையே பல இடங்களில் காட்டியது. அந்தப் பிம்பங்களை இருவரும் தனித்தனியே குறித்து, பிறகு ஒப்பிட வேண்டும். அதுதான் முறை. நான் இரண்டு குறித்தேன். அவள் மூன்று.

மூன்றாவது ஒரு மங்கல் புள்ளி. அதைச் சேர்த்தால் என் கணக்கு உதைத்தது. "இது கமெராவுல உள்ள அழுக்கு. இல்லாததெல்லாம் ஒன் கண்ணுக்குத்தான் தெரியும்!" என்று பேராசிரியர் முன்னாலேயே வெடித்தேன். அவள் குறித்ததை நானே அழித்தேன். மேற்படிப்புக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடிந்தது. என்னை அனுப்பினார்கள். அவள் ஆய்வையே விட்டுவிட்டாள்.

போன மாதம் புதிய தொலைநோக்கியின் தரவு வந்தது. ஒளியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று புள்ளிகளும் அச்சொட்டாக ஒன்று. இரண்டு புள்ளியை மட்டும் வைத்து நான் கட்டுரையில் எழுதிய உருப்பெருக்கம் பிழை. வருடத்துக்கு எத்தனை நட்சத்திரம் பிறக்கிறது என்ற கணக்கும் பிழை. திருத்தக் கட்டுரையில் அவள் பெயரை முதலில் போட்டு, அவளை மீண்டும் ஆய்வுக்கு அழைக்கத்தான் வந்திருந்தேன்.

புதிய தொலைநோக்கி எடுத்த படத்தை நீட்டினேன். "நீ சொன்னதுதான் சரி ஸஹ்னா. நீ என்னை மிஞ்சிருவியோங்கிற பொறாமையில கத்திட்டேன். மன்னிச்சுக்கடி. திரும்பி வா."

படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க எல்லாரும் நல்லாப் பாத்தீங்களா? அழுக்கு இல்லதானே?"

"மூணு பேர் தனித்தனியாப் பாத்தோம். சத்தியமா இல்ல."

"அப்ப சரி. பேரப் போடு, எனக்குச் சந்தோஷம்" என்றாள். "ஆனா நான் வரல டயனா. அன்னைக்கு நீ சொன்னத நான் நம்பிட்டேன். இன்னை வரைக்கும் என் கண்ணால எதப் பாத்தாலும், இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டுத்தான் நம்புறேன்."