மூன்று ஜோடிக் கவ்விகள்

ஆய்வகத்தில் அவளுக்குப் புழுக்காரி என்று பேர். கடல்மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் தட்டைப்புழுக்களை இனம் பிரிப்பதிலேயே எட்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? ஆனால் இப்போது அவளே ஒரு பேர் வைக்கும் நேரம் வந்திருந்தது.

செவுளைப் பிடித்துக்கொள்ள இந்தப் புழுக்களின் வால்பக்கம் கவ்விகள் உண்டு. அந்த வகையில் தெரிந்தவை எல்லாவற்றுக்கும் நாலு ஜோடி. இவள் கண்டதற்கு மூன்றே ஜோடி. வயிற்றில் மஞ்சளாய் ஒரு முட்டை வேறு. ஆகவே குஞ்சு இல்லை, வளர்ந்த புழுதான் என்று அடித்து எழுதினாள். புது இனம்! தன்னைப் படிக்க வைத்த மாமியாரின் பேரையே அதற்கு வைத்தாள். பத்திரிகையும் கட்டுரையை ஏற்றுக்கொண்டு, உயிருள்ள புழுவின் படம் ஒன்று மட்டும் கேட்டது.

அதுவரை அவள் பார்த்த பதினொன்றும் ஸ்பிரிட்டில் ஊறிச் செத்தவை. படத்துக்காக ஒரு சின்ன மீனைத் தனித் தொட்டியில் விட்டாள். அதன் செவுளில் ஒரே ஒரு புழு. மீனை மயக்கி, செவுள்மூடியைத் தூக்கிப் படம் எடுத்தாள். மூன்று ஜோடிதான், ஆனால் படம் கொஞ்சம் மங்கல். ஐந்து நாள் கழித்து மறுபடி எடுத்தாள்.

எண்ணினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினாள். நாலு ஜோடி.

முட்டையையும் காணோம். குடித்த ரத்தம் செரிக்காமல் உருண்டு நின்று, ஸ்பிரிட்டில் மஞ்சளாய் வெளுத்ததைத்தான் முட்டை என்று எழுதித் தொலைத்திருந்தாள். ஊரறிந்த பழைய இனத்தின் குஞ்சு அது!

அச்சேற இரண்டு நாள் இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் பத்து வருஷத்துக்கு யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அழுகையிலும் பாருங்கள், நாலாவது ஜோடி எந்த நாளில் முளைத்தது என்று தெரியாமல் போனதுதான் மனதைக் குடைந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"அத்தை, உங்க பேரு போச்சு."

மாமியார் காய் நறுக்கிக்கொண்டே முழுக்கக் கேட்டார். "அப்பாடா!" என்றார்.

"என்ன அத்தை அப்பாடா?"

"ரத்தம் குடிக்கிற புழுவுக்கு மாமியார் பேருன்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? உனக்கு முதல் புழு, ஆசையா வச்சே. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாமியார் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, நாலோட நிக்குமா? அஞ்சாவதும் முளைக்குமா?"

"புத்தகத்துல நாலுன்னுதான் அத்தை இருக்கு."

"உன்னோட மூணும்தான் புத்தகத்துல வர இருந்துச்சு."

மறுநாள் காவலாளி ஆய்வகக் கதவைத் திறக்க வந்தபோது, புழுக்காரி ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.