குஞ்சம் வைத்த கொடி

“ஏம்மா ஜெயராணி, இது கொடியா, தேர்ச்சீலையா? குஞ்சத்தப் பிரிச்சு எடு மொதல்ல!”

“ஏன் பிரிக்கணும்? மாதா கோயில் கொடிக்கு வெக்கிறோம். உங்க சாமி குடையிலயும் தொங்குது. தேசத்துக் கொடி மட்டும் மொட்டையா நிக்கணுமா?”

2007 சுதந்திர தினக் காலை. சிதம்பரத்து அந்தத் தெருவில் மைக் தேவைப்படவில்லை. சத்தம் போட்ட தெருச் சங்கத் தலைவர் வைத்திலிங்கத்துக்குக் கொடிச் சட்டம் மனப்பாடம். வீட்டில் அதைக் கேட்க மகள் அருள்மொழியை விட்டால் ஆளில்லை. ஜெயராணியின் கவலையோ வேறு. மகள் ஜான்சிக்கு நெல்லிக்குப்பத்தில் ஒரு ராணுவ மாப்பிள்ளை பார்த்திருந்தாள். பெயர் செம்பியன். கொடியேற்ற அவனையே அழைத்திருந்தாள். அப்படியே பெண்ணையும் பார்த்துவிடலாம். அவன் அனுப்பிய போட்டோவில், அணிவகுப்பில், தங்கக் குஞ்சம் தொங்கும் கொடி பக்கத்தில் விறைப்பாக நின்றான். அதைப் பார்த்துத்தான் கண் வலிக்க வலிக்க மூவர்ணத்தைச் சுற்றி ஜரிகைக் குஞ்சம் தைத்தாள். வருகிறவன் மலைத்துப்போக வேண்டாமா?

வந்தவன் மலைத்துத்தான் போனான்.

“அத்தை, அது எங்க ரெஜிமென்ட் கொடி. அதுக்குக் குஞ்சம் உண்டு. தேசியக் கொடியில எதையும் சேக்கக் கூடாது. மொட்டையா இருக்கிறதுதான் அதுக்கு மரியாதை.”

“கேட்டியா?” என்று வைத்திலிங்கம் குஞ்சத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். பச்சைப் பட்டை டர்ரென்று கிழிந்தது.

“கிழிஞ்சதையும் ஏத்தக் கூடாது சார்,” என்றான் செம்பியன்.

சட்டம் தெரிந்தவருக்கு முகம் செத்துப்போயிற்று. அருள்மொழிக்குப் புவனகிரியில் ஒரு கதர்க் கடையில் வேலை. அன்று கடை லீவு. சாவி அவள் கைப்பையில்.

“தம்பி, பாப்பாவ வண்டியில இட்டுக்கினு போயி ஒரு கொடி எடுத்தாந்துடுங்களேன்,” என்று வைத்திலிங்கமே கெஞ்சினார்.

“ஜான்சி போவட்டுமே...” ஜெயராணி இழுத்தாள்.

“சாவி இவகிட்டல்ல இருக்குது?”

புவனகிரி என்ன, டெல்லியா? ஆனால் மிட்டாய் தீர்ந்து பிள்ளைகள் கலைந்த பிறகுதான் புதுக் கொடி வந்து ஏறியது. அருள்மொழி தலையில் மல்லிகை இருந்தது. போகும்போது இல்லை என்று ஜெயராணி மாதா மேல் சத்தியம் செய்வாள்.

பெண் பார்க்க வந்து ஒரு பஜ்ஜி தின்றுவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன் அத்தை,” என்றான் செம்பியன். யோசித்து, அடுத்த லீவில் அருள்மொழியை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டான். வைத்திலிங்கம் கல்யாணச் சட்டத்தில் ஓட்டை தேடினார், அகப்படவில்லை. இருவரும் இப்போது ஜபல்பூரில். ஜான்சி நர்சாகிக் கடலூருக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த குமராட்சி ஊர்க்காரன் கதிர்வேலைக் கட்டிக்கொண்டு குடித்தனமும் வைத்துவிட்டாள். அம்மாவிடம் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் சொன்னாளாம்.