பதினொரு பேரின் மொழி

1

இது செந்தில்நாதன் சொன்ன கதை. அதில் பாதியை நான் நம்பவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தன்னை நல்லவராகக் காட்டும் இடம் வந்தால் மனிதரின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

'1996இல், மைசூரு விஜயநகரில், உலகையே மாற்றப்போகும் ஒரு கணினி மொழி...' என்று தொடங்கி அடித்துவிட்டேன். உலகமாவது மாறுவதாவது. அந்த மொழியில் எழுதியவர்களே மொத்தம் பதினொரு பேர்தான்.

2

மைசூரு விஜயநகரில் குடியிருந்த செந்தில்நாதன் நஞ்சன்கூட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையின் பொறியாளர். தொட்டிகளின் சூட்டைக் கணினி பார்த்துக்கொள்ள 'கபிலா' என்றொரு மொழியை உண்டாக்கினார். தொட்டிகளை ஓட்டிய பதினொரு பேரும் அதில் தாங்களே நிரல் எழுதினார்கள். குறை சொன்னால் ஞாயிற்றுக்கிழமை மொழியையே திருத்தி, திங்கள் காலை ரயிலில் பதினொரு ஃப்ளாப்பியோடு வந்து இறங்குவார். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோரும் தங்கள் நிரலை மாற்றிவிடுவார்கள். (இவ்வளவு ஒற்றுமையா என்று எனக்கும் சந்தேகம்தான்.)

பதினொரு பேரில் ஒருத்தியான ராமாபுரத்து அஞ்சலை ஒருநாள் கேட்டாள்: "ஏனுங்க சார், ஒரே சூட்டை எத்தனை தடவதான் அடிக்கறது?"

சூட்டை எழுதாமல் விட்டால் முந்தைய தொட்டியின் சூட்டையே எடுத்துக்கொள்ளும்படி செய்துகொடுத்தார். தெரியாதவர்களுக்கு அது ஆபத்து, எழுத மறந்தால் வேறு தொட்டியின் சூடு ஏறிவிடும். ஆனால் தெரியாதவர்கள்தான் யாருமே இல்லையே.

3

பெங்களூர்ப் பயிற்சி நிறுவனம் ஒன்றிலிருந்து விஜய்குமார் வந்தார். நாற்பது ஊர்களில் கபிலா கற்றுத்தருவார்களாம். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன், தேறவில்லை.)

"அந்தச் சூட்டு விஷயத்தை மட்டும் எடுத்துடறேன். ஒரு ஞாயித்துக்கிழமை போதும்" என்றார் செந்தில்நாதன்.

"ஆகல்ல சார், முடியாது. ஐயாயிரம் புக் அச்சாயிடுச்சு. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டப்புறம் எதையும் மாத்தக்கூடாது. மாத்தினா படிச்சவங்க எழுதினதெல்லாம் நின்னுடும், நோடி" என்றார் விஜய்குமார், பாருங்கள் என்பதைக் கன்னடத்தில்.

போடாவிட்டால்? அடுத்த வருடம் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் அதன் சொந்த மொழியோடு வருகிறது. கபிலாவின் கதை அத்தோடு முடிந்துவிடும். தனக்கு ஆசையே இல்லை என்றார் செந்தில்நாதன். புத்தக அட்டையில் தன் பெயர் எந்த நிறத்தில் இருந்தது என்பது மட்டும் அவருக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

4

அஞ்சலையிடம் இதைச் சொன்னார்.

"தெரியாதவன் பாய்லருக்கு எழுதுனா என்னாகுமுங்க?"

"வகுப்புல சொல்லிக்குடுப்பாங்கம்மா."

"நாப்பது ஊர்லயும் மறக்காம சொல்லுவாங்களாக்கும்? நான் கேட்டதாலதானுங்க அதை வெச்சீங்க. ஏதாச்சும் ஆனா, அது எம்மேலயுங்களா?"

செந்தில்நாதன் நிதானமாக அவளைப் பார்த்து...

இல்லை. அவர் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதிலேயே நான் முழுதாக நம்புவது இதை மட்டும்தான்.

5

கையெழுத்துப் போட்டதாக ஒரு முடிவு எழுதினேன். அதில் எங்கோ ஒரு பாய்லர் வெடித்தது. கதைக்காக யாரையோ கொன்றுவிட்டேன் என்று கிழித்துப் போட்டேன். போடாததாக இன்னொன்று. அதில் அவர் மகானாகிவிட்டார், அதுவும் குப்பைக்குப் போனது. போட்டாரா இல்லையா என்று அவரையே கேட்டேன். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.

இனி உங்கள் பாடு. கையெழுத்துப் போடவைத்தால், அஞ்சலைக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். வேண்டாமென்றால், அந்த ஒப்பந்தத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். அவராகத் தரமாட்டார்.