கைப்பிடி உயரம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு ஒரு தள்ளுவண்டி செய்வதுதான் எங்கள் கடைசி வருட புராஜெக்ட். அங்கே ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து உலர்த்தும் அறைக்குப் பெண்கள் தோளில் சுமக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா. அவள் வேலையில்தான் வீடு ஓடியது. குழுவில் யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறு காரணம் கிடையாது.

அளவெடுக்கப் போன அன்று அம்மாவும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருப்பதிலேயே குள்ளமானவரின் முழங்கை உயரத்துக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லியிருந்தார் எங்கள் புராஜெக்ட் சார். குள்ளம் அம்மாதான். எங்கள் குழுவில் 'டேப்பு' என்று பட்டப்பெயர் வாங்கியவன் அளவு நாடாவோடு குனிந்தான்.

"நேரா நில்லுங்கக்கா."

"நேராத்தானே தம்பி நிக்கிறேன்."

பதினெட்டு வருடம் ஈரத்துணி சுமந்து வளைந்த முதுகை எப்படியோ நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளவெடுப்பது ஆள் கழிக்கத்தான் என்று கூடத்தில் பேச்சு. டேப்பு எண்ணைச் சொன்னான். வீட்டில் அடுப்பு முன் அவள் நிற்கும் உயரம் எனக்குத் தெரியும். இருந்தும் அவன் சொன்னதையே எழுதினேன்.

வெள்ளோட்டத்துக்கு சாரும் சலவைக்கூடத்து சூப்பர்வைசரும் வந்து நின்றார்கள். அம்மா கைப்பிடியைப் பிடித்ததும் இரண்டு முழங்கையும் காக்கை இறக்கை மாதிரி தூக்கிக்கொண்டன. பாரம் ஏற்றிய வண்டி கோணிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது.

"என்னக்கா, வண்டியோட பங்காளிச் சண்டையா?" என்றாள் பக்கத்து மெஷின்காரி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "புள்ளைங்க ஆறு மாசம் மண்டைய ஒடச்சு செஞ்சிருக்காங்க. உனக்குத் தள்ள வரலன்னா சொல்லு, வர்ற ஆளப் போட்டுக்கறேன்."

அம்மா தரையைப் பார்த்தாள்.

"அளவு தப்பு சார்," என்றேன். "நிமிந்து நின்னு குடுத்தாங்க. அவங்களுக்குக் கூன். நாலு விரல் எறக்கணும்."

சார் என் பக்கம் திரும்பினார். "உனக்கெப்படித் தெரியும்?"

"எங்கம்மா."

டேப்பு நாடாவைச் சுருட்டத் தொடங்கினான். "இதையும் ரிப்போர்ட்ல சேத்துக்கோ," என்றார் சார். சூப்பர்வைசர் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தார்.

"கூனா? இத்தன நாள் யூனிபாரம் கோட்டு மறச்சிருக்கு. வேலைக்குத் தகுதின்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வா."

டாக்டர் எழுதித் தரவில்லை.

வீட்டில் அம்மா சண்டை போடவில்லை. தட்டை என் முன்னால் வைத்தாள்.

"நீ வாயத் தெறக்காம இருந்திருந்தா, பத்து நாள்ல பழகியிருப்பேன்டி."

நான் சாப்பிட்டேன். பசி இருந்தது.

அடுத்த வாரம் பட்டறையில் கைப்பிடியை அறுத்து, நாலு விரல் இறக்கிப் பற்றவைத்தோம். அச்சாக அம்மாவின் உயரம். புராஜெக்டுக்கு முழு மதிப்பெண்.

மறு சோதனைக்குப் போனபோது அம்மாவின் மெஷினில் ஒரு நெட்டைப் பெண் நின்றாள். வேலைக்கு வந்து நான்கு நாள்தான். இடுப்பை மடித்துத்தான் அவளால் வண்டியைத் தள்ள முடிந்தது. என் கையிலிருந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கேட்டேன்.

"தள்ளும்போது இடுப்பு வலிக்குதா?"

அவள் சூப்பர்வைசர் இருக்கும் பக்கம் பார்த்தாள். வண்டியை விட்டுவிட்டு நிமிர்ந்து நேராக நின்றாள்.

"அதெல்லாம் இல்லீங்க."

இல்லை என்று எழுதினேன்.